குற்றாலக் காற்றும் கூடத்துப் பேட்டரியும்

தோழா!

ஆனி பிறந்துவிட்டால் நாடெங்கும் குற்றாலப் பேச்சுத்தான். பேரருவியிலே தலை கொடுத்து நிற்போர், ஐந்தருவியிலே இடம் பிடிக்க முந்துவோர், பழைய குற்றாலத்திலே உடலெல்லாம் எண்ணெய் மினுங்க முறைக்குக் காத்திருப்போர்! பெட்டி நிறையப் பணம் வைத்திருப்பவனும், பேருந்துக் கட்டணத்துக்கு மட்டும் காசு முடிந்து வந்தவனும் ஒரே தண்ணீரின்கீழ் ஒதுங்கி நிற்கும் காட்சியை வேறெங்கு காண்பாய்? "சாரல் உண்டா?" என்று கேட்ட பிறகுதான் "சாப்பாடு உண்டா?" என்று கேட்கிறார்கள் அங்கே.

அந்தச் சாரலைச் சுமந்து வருவது எது? காற்று! மேற்கு மலை நெடுஞ்சுவராக நின்று தென்மேற்குப் பருவக் காற்றை மறிக்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடங்களிலேதான் சுவர் தாழ்ந்து வாசல் திறந்திருக்கிறது. செங்கோட்டை வாசலில் நுழைந்த காற்று, குற்றாலத்திலே ஈரத்தைச் சிந்திவிட்டு இளைப்பாறாமல் கிழக்கே ஓடுகிறது. பாவூர்ச்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு என்று சமவெளியில் இறங்கியதும், மூன்று கை விரித்து வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பற்றிச் சுழற்றுகிறது. மலையடியிலே அருவியாய்க் கொட்டவைத்த அதே காற்று, வயல்வெளியிலே மின்சாரமாய்ப் பாய்கிறது. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சின்னஞ்சிறு முயற்சியாகத் தொடங்கிய வேலை, இன்று தமிழ்நாடெங்கும் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய வலிவாக வளர்ந்திருக்கிறது.

பெருமைப்படு, தோழா! தடையில்லை. பெருமைப்பட்ட பின் இதையும் கேள்.

இத்துணைச் செல்வம் வாசலில் வந்து நிற்கும்போது, வீட்டுக்காரன் என்ன செய்கிறான்? "போதும், நிறுத்து!" என்கிறான். காற்று வீசும் நேரத்தில் நமக்குத் தேவையில்லை. தேவையான நேரத்தில் காற்றுக்கு மனமில்லை. நள்ளிரவிலே காற்று கொழிக்கிறது, ஊரோ உறங்குகிறது. நண்பகலிலே காற்றும் வெயிலும் போட்டி போட்டுக்கொண்டு தருகின்றன, கம்பி தாங்கவில்லை. ஆறு மணிக்குச் சூரியன் விடைபெறுகிறது. அப்போதுதான் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, மாவரைக்கும் கிரைண்டர் எல்லாம் ஒருசேர விழிக்கின்றன. நண்பகலில் காற்றாலையை நிறுத்தச் சொன்ன அதே கை, அந்தியில் வெளிச்சந்தையிலே விலை கொடுத்து மின்சாரம் வாங்குகிறது.

நிறுத்தச் சொன்னதற்கு நீதிமன்றப் படியேறியவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக அன்றி வேறு காரணத்துக்காகத் தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களை நிறுத்தச் சொல்லியிருந்தால், அதற்கு ஈடு தரவேண்டும் என்றது. நிலையம் வைத்தவனுக்கு நட்ட ஈடு கேட்க மன்றம் இருக்கிறது. இருட்டிலே இருந்தவனுக்கு? அவன் மெழுகுவர்த்திக்குக் கொடுத்த காசை எந்த மன்றத்தில் கேட்பான்?

காற்றாலை வைத்திருப்போருக்கு 'பேங்கிங்' என்றொரு சலுகை நெடுங்காலமாக இருந்து வந்தது. ஆடியிலே கொடுத்த யூனிட்டை வேறொரு மாதத்திலே திரும்பப் பெறலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் அது ஏட்டிலே உள்ள இருப்பு, பெட்டகத்திலே இல்லை. ஆடி மின்சாரம் ஆடியிலேயே எரிந்து தீர்ந்துவிடும். திருப்பித் தரும்போது வாரியம் புதிதாக உண்டாக்க வேண்டும், அல்லது வாங்க வேண்டும். உண்மையாகவே சேர்த்து வைக்கும் இடம் ஒன்று நம்மிடம் உண்டு. ஆனைமலையிலே காடம்பாறை. மின்சாரம் மிகுந்த நேரத்தில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவை மிகுந்த நேரத்தில் இறக்கி, 1980களின் இறுதியிலிருந்து வேலை செய்யும் நிலையம் அது. நூறு நூறு மெகாவாட்டாக நான்கு பொறிகள், ஆக 400. மாநிலத்தின் உச்சத் தேவையோ 2024 மே 2ஆம் நாள் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பசிக்கு முன்னே இது கையளவு சோறு! இப்போது வாரியத்தார் பெரிய பெரிய பேட்டரித் தொகுதிகளை அமைக்க ஒப்பந்தப் புள்ளி கோருகிறார்கள். கோரட்டும், வரவேற்போம். எனினும் நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய பேட்டரியை அல்ல. உன் வீட்டுக் கூடத்தின் மூலையிலே, துணி மூடி, மேலே பழைய செய்தித்தாளை அடுக்கி வைத்திருக்கிறாயே, அந்தப் பேட்டரியை!

அது அங்கே வந்த கதை உனக்கு மறந்திருக்காது. 2008 நவம்பரில் மின்சாரக் கட்டுப்பாடு வந்தது. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. தெற்கேயும் மேற்கேயும் உள்ள ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலே! தலைநகருக்கு ஒரு நீதி, தென்காசிக்கு ஒரு நீதி. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராக நாடகம் போட்டுத் திரிந்தவன் நான் அப்போது. கதாநாயகன் வாளை உருவுவான், விளக்கு அணையும்! வாளை மீண்டும் உறையிலே போட்டுவிட்டு நிற்பான். மக்கள் கலையமாட்டார்கள், கைப்பேசி வெளிச்சத்தை மேடைமீது வீசுவார்கள். அந்த வெளிச்சத்திலே நாங்கள் முடித்த நாடகங்கள் பல. ஒருநாளாவது, ஒரு விளக்கையாவது நம்பி ஒரு காட்சி எழுத முடியவில்லை எங்களால்.

அந்த ஆண்டுகளிலேதான் வளையலை அடகு வைத்து இன்வெர்ட்டர் வாங்கினாள் தமிழகத் தாய். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. பெரியவருக்கு மூச்சுத் திணறல். வேறு என்ன செய்வாள்? தையற்கடை வாங்கிற்று, மருந்துக்கடை வாங்கிற்று, தங்கும் விடுதி வாங்கிற்று. எந்தச் சட்டமன்றத்திலும் அறிவிக்கப்படாமல், எந்த அமைச்சரும் கொடியசைக்காமல், மக்கள் தம் சொந்தக் காசில் கட்டி முடித்த மின் திட்டம் அது! அதை ஒருநாளும் யாரும் கணக்கிலே எடுத்துக்கொள்ளவில்லை.

மின்னியல் கற்றவனல்லன் நான். ஆனால் தெரிந்தவர்களிடம் துருவித் துருவிக் கேட்டேன். கேட்டதைச் சொல்கிறேன். பன்னிரண்டு வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று ஒட்டியிருக்கும் அந்தப் பேட்டரியின் கொள்ளளவு ஒன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலே. ஈய அமிலப் பேட்டரியானால் பாதியைத்தான் எடுக்கலாம். அடிவரை வழித்தால் ஆயுள் குறையும். ஆக, ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு விசிறியும் நான்கு விளக்கும் நான்கு மணி நேரம் ஓடும்.

ஒரு யூனிட் என்ன பெரிது என்று உதடு பிதுக்காதே. இப்போது அந்தப் பேட்டரி என்ன செய்கிறது என்று பார். மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும், தெருவிலுள்ள பேட்டரிகள் எல்லாம் பசித்த பிள்ளைகள்போல ஒரே நேரத்தில் வாய் திறக்கின்றன. ஒவ்வொன்றும் இருநூறு வாட்டுக்கு மேல் இழுக்கும். இலட்சம் வீடுகளில் இப்படி நடந்தால் இருபது மெகாவாட் கூடுதல் சுமை, அதுவும் மாலை நேரத்தில், தட்டுப்பாடு தலைக்கு மேல் இருக்கும்போது! தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் முனகுகிறது, பியூஸ் போகிறது, மறுபடியும் இருள். நம்மைக் காக்க வாங்கிய கருவியே நம் தெருவை இருட்டடிப்புச் செய்கிறது. குற்றம் கருவியினுடையதல்ல. "இப்போது பொறு, நள்ளிரவில் குடி" என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. சொல்ல ஒரு சிறு கடிகாரச் சுவிட்சு போதும். நள்ளிரவிலே, குற்றாலக் காற்று கொழிக்கும் வேளையிலே, அது வயிறார உண்ணட்டும். மாலையிலே, மின்சாரம் போகாவிட்டாலும்கூட, உன் வீட்டு விளக்கை அதுவே எரிக்கட்டும். கம்பிக்கு ஒரு யூனிட்டையும் நீ அனுப்ப வேண்டியதில்லை. நீ வாங்காமல் இருப்பதே நாட்டுக்கு நீ கொடுத்தது!

இது முதற்படி. ஆனால் நாள்தோறும் நிரப்பி, நாள்தோறும் வடித்தால் பழைய ஈயப் பேட்டரி விரைவில் நலிந்துவிடும். அதை அன்றாடப் பணிக்கு இழுக்கக் கூடாது. நெருக்கடி நாளுக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும். தவிர, பத்து யூனிட் ஊற்றினால் ஏழு எட்டுத்தான் திரும்ப வரும். இரண்டாம் படிக்கு லித்தியம் பேட்டரி வேண்டும். ஊற்றியதில் பத்துக்கு ஒன்பதைத் திருப்பித் தரும், ஆயிரக்கணக்கான முறை தாங்கும். கம்பியிலிருந்து வாங்கவும் கம்பிக்குக் கொடுக்கவும் தெரிந்த இன்வெர்ட்டரும் வேண்டும். வீட்டுக்கு அரைக் கிலோவாட் என்று இரண்டு இலட்சம் வீடுகள் மாலையில் கைகொடுத்தால் 100 மெகாவாட். அதாவது, காடம்பாறையின் ஒரு பொறி! அணை கட்டாமல், காட்டை மூழ்கடிக்காமல், உயர் கோபுரம் நிறுத்தாமல், தேவைப்படும் தெருவிலேயே ஒரு பொறி.

கனவு காண்கிறான் நாடகக்காரன் என்பாய். ஆஸ்திரேலியாவுக்கு வா. 2016 செப்டம்பர் 28ஆம் நாள் புயலிலே தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுதும் இருண்டது. 2018இல் அந்த அரசு ஒரு திட்டம் அறிவித்தது. ஐம்பதாயிரம் வீடுகளிலே சூரியத் தகடும் பேட்டரியும் வைத்து, அத்தனையையும் ஒரே மின் நிலையமாக இயக்குவது! யார் வீட்டில் தொடங்கினார்கள் தெரியுமா? மாளிகைகளில் அல்ல, அரசு கட்டிக்கொடுத்த வாடகைக் குடியிருப்புகளில், எளியவர் வீடுகளில். 2019 அக்டோபர் 9ஆம் நாள், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் குயின்ஸ்லாந்திலே கோகன் கிரீக் நிலக்கரி நிலையம் 748 மெகாவாட் தந்துகொண்டிருக்கையில் திடீரென நின்றது. மின்தொகுப்புக்கு வினாடிக்கு ஐம்பது துடிப்பு என்று ஒரு தாளம் உண்டு. தவில் தப்பினால் நாயனம் தடுமாறுவதுபோல, அந்தத் தாளம் தப்பினால் நாடே தடுமாறும். தாளம் தாழ்ந்தது. தாழ்ந்ததை உணர்ந்து, யாரும் பொத்தானை அழுத்தாமலேயே, அந்த எளியவர் வீடுகளில் ஏறக்குறைய தொள்ளாயிரம் பேட்டரிகள் மின்சாரத்தைக் கம்பியிலே ஊற்றின. பெரிய பேட்டரிகளும் பிற நிலையங்களும் கைகொடுத்தன, தாளம் மீண்டது. இராட்சதன் இடறி விழ, ஏந்திய கைகளில் எளியவர் கைகளும் இருந்தன!

அவ்வளவு தொலைவு ஏன்? பாக்கு நீரிணையைத் தாண்டினால் இலங்கை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை மின் துணைநிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தது. நாடு முழுதும் இருண்டது! ஒரு குரங்கு இலங்கையைக் கலக்குவது புதிதல்ல என்று நகைத்தவர் பலர். நகைப்பை விட்டு நடந்ததை நோக்கு. விடுமுறை நாள், ஆலைகள் ஓய்வு, தேவை குறைவு. வீட்டுக் கூரைகளிலோ வெயில் மின்சாரம் வெள்ளம்போல். சுழன்று கொண்டிருந்த கனத்த பொறிகள் குறைவு. ஆகவே ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் வலிவு அந்தத் தொகுப்புக்கு இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது, "கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வையுங்கள்" என்று மின்சார சபையே மக்களை வேண்டிக்கொண்டது. வெயிலை அறுவடை செய்யச் சொன்னவர்களே அறுவடையை நிறுத்தச் சொன்னார்கள், குதிர் இல்லாத காரணத்தால்! குற்றாலத்திலே குரங்குக்குப் பஞ்சமில்லை என்பது திரிகூடராசப்பக் கவிராயர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. நமக்கு அந்தப் பாடம் வேண்டாம்.

இங்கே என்ன நடக்கிறது? 2024இல் தொடங்கிய ஒன்றிய அரசின் கூரைச் சூரிய மின் திட்டத்திலே, மூன்று கிலோவாட் தகடு வைத்தால் 78,000 ரூபாய் மானியம். நல்லது. தகட்டுக்குத்தான் மானியம், பேட்டரிக்கு இல்லை. குதிரைக்குக் கொள்ளு உண்டு, கடிவாளம் கிடையாது! 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின் நுகர்வோர் விதிகளைத் திருத்திற்று. உச்ச நேரத்திலே வணிகருக்கும் தொழிலுக்கும் கட்டணம் வழக்கமானதைப்போல் 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது. வேளாண்மை நீங்கலாக ஏனையோருக்கு 1.1 மடங்கு, வெயில் நேரத்திலே இருபது விழுக்காடாவது குறைவு. ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் இது வீட்டையும் தொடும் என்பது அவ்விதியின் போக்கு.

இங்கேதான், தோழா, என் வழக்கு. மாலை ஏழு மணிக்கு நான் வாங்கும் யூனிட் விலையுயர்ந்தது என்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். அதே ஏழு மணிக்கு நான் கொடுக்கும் யூனிட்? அது மட்டும் எப்படி மலிவாகும்? உச்ச நேரத்துக்கு உச்ச விலை என்பது விற்பவனுக்கு மட்டும் உரிய சட்டமா? நண்பகல் யூனிட்டையும் அந்தி யூனிட்டையும் ஒரே தட்டில் நிறுத்தால், யார் கைக்காசைப் போட்டு பேட்டரி வைப்பான்?

குற்றாலத்து விடுதிக்காரரிடம் கேட்டுப் பார். சாரல் மூன்று மாதம் அறைகள் நிறையும். மிச்ச மாதங்களில் பூட்டுக்குத்தான் வேலை.

"டீசல் என்ஜின் வைத்திருக்கிறேன் ஐயா. புகைக்கு விருந்தாளி முகம் சுளிக்கிறார், விலைக்கு நான் முகம் சுளிக்கிறேன்."

"பேட்டரி வைக்கலாமே?"

"வைத்தால், கூட்டமில்லாத மாதங்களில் அது சும்மா கிடக்குமே, யார் எனக்குப் படியளப்பார்?"

நியாயமான கேள்வி! அவர் பேட்டரி சும்மா கிடக்கும் மாதங்களில் சங்கரன்கோவில் விசைத்தறிக்கும், பிரானூர் மர அறுவை ஆலைக்கும் அந்தி வேளையில் அழுத்தம் குறையாத மின்சாரம் தேவை. தறி ஓடும்போது மின்சாரம் இமைத்தால் இழை அறும். அறுந்த இழைக்கு நெசவாளிதான் கூலி இழப்பான். இந்த இரண்டு தேவைகளையும் முடிச்சுப் போடுவது வாரியத்தின் வேலை. வாடகை கொடுத்து முடிச்சுப் போடட்டும்.

"என் பேட்டரியை அவர்கள் உறிஞ்சிவிட்டால், இரவு என் பிள்ளைக்கு விசிறி ஓடுமா?" என்று கீழப்பாவூர்த் தாய் கேட்பாள். அமெரிக்காவில் வெர்மான்ட் என்றொரு சிறு மாநிலம். அங்குள்ள கிரீன் மவுண்டன் பவர் என்னும் மின் நிறுவனம் 2017 முதல் வீடுகளுக்கு மாத வாடகையிலே பேட்டரி கொடுக்கிறது. உச்ச நாளிலே அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. புயல் வருமென்றால் எடுக்காமல், முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுகிறது. ஆகவே செய்ய முடியாத காரியமில்லை. பாதிக்குக் கீழே தொடக்கூடாது என்று வீட்டுக்காரி கோடு கிழிக்கட்டும். அந்தக் கோட்டைத் தாண்டும் உரிமை எந்த அதிகாரிக்கும் வேண்டாம்.

இன்னொரு தாயையும் நினைத்துப் பார். கம்பத்தின்மேல் ஏறி நிற்பவனின் தாய். மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பி அவன் கம்பியைத் தொடுகிறான். ஏதோ ஒரு வீட்டிலிருந்து, முறையின்றிப் பொருத்திய இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ கம்பிக்குள்ளே மின்சாரத்தைப் பின்னோக்கித் தள்ளினால்? ஆகவேதான் தொகுப்போடு இணைக்கும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்ற கணமே தானும் கம்பியைவிட்டு விலகவேண்டும் என்பது விதி. வீட்டுக்குள் எரியலாம், வெளியே கசியக்கூடாது. மலிவு விலையிலே சோதனையில்லாத பெட்டியை எவனாவது விற்றால் அவன் விற்பது பேட்டரியல்ல, பிணப்பெட்டி! இந்த ஒன்றிலே விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை. சோதித்து முத்திரை வைக்காத பெட்டி ஒன்றுகூட இணையக்கூடாது. சோதனைச் செலவு வாரியத்தினுடையதாக இருக்கட்டும்.

பேட்டரியே இல்லாத வீடுகள்? கடையத்திலே, ஆலங்குளத்திலே, முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தங்கையின் வீட்டிலே ஏது இன்வெர்ட்டர்? பேட்டரி வைத்தவனுக்குப் பணம், வைக்க முடியாதவனுக்குக் கட்டண உயர்வு என்று இத்திட்டம் முடிந்தால் அதை நானே எதிர்த்து மேடையேறுவேன். வழி உண்டு. டிரான்ஸ்பார்மருக்கு அருகே தெருவுக்கொரு பொதுப் பேட்டரி. பள்ளியிலே, நியாயவிலைக் கடையிலே, குடிநீர்த் தொட்டியின் அடியிலே. ஆஸ்திரேலிய ஒன்றிய அரசு நானூறு சமூக பேட்டரிகளுக்குப் பணம் ஒதுக்கியது இந்த எண்ணத்தில்தான். அதனால் வரும் ஆதாயம் தெருவுக்கு. வாடகையைப் பேரூராட்சி வாங்கி, தெரு விளக்குக்குக் கட்டட்டும். செத்த ஈயப் பேட்டரிகளைப் பற்றியும் ஒரு சொல்: 2022ஆம் ஆண்டு விதிப்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தி செய்தவனுடையது. குப்பை மேட்டிலே உடைத்து உருக்க விட்டால், ஈயம் குழந்தையின் இரத்தத்திலே போய் அமரும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. இளம் மாவட்டம், ஒரு பக்கம் சாரல், மறுபக்கம் காற்றாலை. தறியும் உண்டு, விடுதியும் உண்டு. சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களம் எது? ஒரே ஒரு சாரல் காலத்துக்கு, குற்றாலத்திலே விடுதிகள் நிறைந்த ஒரு மின்பாதை, சங்கரன்கோவிலிலே தறி ஓடும் ஒரு மின்பாதை, பீடித் தொழிலாளர் வாழும் ஒரு கிராமத்து மின்பாதை என்று மூன்றை எடுத்துக்கொள்ளட்டும். எத்தனை பியூஸ் போயிற்று, எத்தனை மோட்டார் கருகிற்று, அந்தியிலே எத்தனை யூனிட் வாங்காமல் தப்பினோம் என்ற கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரிலே ஒட்டட்டும். நட்டமென்றால் நட்டமென்றே ஒட்டட்டும்.

ஸ்மார்ட் மீட்டர் பொருத்த ஆள் வரும். இன்றோ நாளையோ, பேட்டரியை இணைக்கும் ஒப்பந்தத் தாளும் வரும், சிறிய எழுத்திலே. வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு படி. என் பேட்டரியில் எனக்கென்று எவ்வளவு மிச்சம் வைப்பீர், அந்தி யூனிட்டுக்கு என்ன விலை தருவீர், வேண்டாம் என்று நான் விலகினால் தண்டம் உண்டா என்று கேள். பதிலை எழுதி வாங்கு. கையெழுத்து அதற்குப் பிறகு.